கடைசியை முன்னால் கொண்டுவருவது குறித்த பணிக்குழு

படிக்கட்டுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆக்லாந்து அலுவலகம் ஏழாவது மாடியில் இருந்தது. போக வர லிஃப்ட் மட்டும்தான். படிக்கட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள், பாதுகாப்புக்காக. தீப்பிடித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று சொல்லப்பட்டது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டுமானால் ஒருவர் படிக்கட்டில் இறங்கியாக வேண்டுமே!

அங்கே ஜனார்த்தனுக்கு வேலை, ஆணையத்தின் காணொளிகளை இணையத்தில் ஏற்றுவது. "ஏறுவது எப்படி", "இறங்குவது எப்படி", "நடுவில் நின்று யோசிப்பது எப்படி" எல்லாம் அவன் ஏற்றியவைதான். அதற்கு முன் நாமக்கல்லில் கல்யாண வீடியோக்களைச் சீர்செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன். மூன்று வருடமாக இந்த நாட்டில் பயந்துகொண்டே இருந்தான். காரணம் ஒன்றுதான். நிரந்தரமாகக் குடியிருப்பதற்கான அனுமதிக்கு விண்ணப்பம் போட்டு, அது எங்கோ ஒரு அதிகாரியின் மேசையில் கிடந்தது. அது வரும்வரை இந்த வேலை இருந்தாக வேண்டும். வேலை போனால் விசா போகும், விசா போனால் ஏவன்டேலில் வாடகைக்கு இருக்கும் வீடு, மனைவி ஸ்வர்ணாவுக்கு த்ரீ கிங்ஸ் பகுதிக் கடையில் இருக்கும் வேலை, மகள் மஹதியின் பள்ளிக்கூடம் எல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் அவன் அலுவலகத்தில் லிஃப்ட் பொத்தானைக்கூட மெதுவாகத்தான் அழுத்துவான்.

ஒருநாள் தலைமை நிர்வாகி பிலிப்பாவின் காணொளி வந்தது. பிலிப்பா தொலைவில் வானகா ஊரில் ஏரியோரம் வீடு கட்டிக்கொண்டு அங்கிருந்தே ஆணையத்தை நடத்துகிறவர். "கஷ்டமான செய்தியை முகத்துக்கு முகம்தான் சொல்வேன்" என்பது அவருடைய கொள்கை. அதாவது காணொளியில். நேரலையில் பேசினால் ஊழியர்களின் முகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும், அது தன் மனநலத்துக்கு ஒத்துவரவில்லை என்று ஏற்கெனவே ஒரு காணொளியில் சொல்லியிருந்தார். இந்த முறை படப்பிடிப்புக் குழுவையே வரவழைத்து, ஏரி பின்னணியில் மின்ன, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் எடுத்திருந்தார்கள். கோப்பு மலை மாதிரி கனத்தது.

"மாற்றத்துக்கான முன்மொழிவு" என்று தலைப்பு. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததுமே அலுவலகத்தில் எவர் முகத்திலும் ஈயாடவில்லை. யாருடைய நாற்காலியோ காலியாகப் போகிறது என்று அதற்கு அர்த்தம்.

ஊழியர் நலப் பிரிவின் தலைவி ட்ரேசி விதிமுறையை விளக்கினாள். "எல்லோரும் ஆணையத்தின் தளத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். முழுதாகப் பார்த்ததாகத் தளம் பதிவு செய்ய வேண்டும். அனைவரும் பார்த்து முடித்த பிறகே கலந்தாலோசனை தொடங்கும். அதற்கு முன் ஒருவரைக்கூட வேலையைவிட்டு அனுப்ப மாட்டோம். நாங்கள் அக்கறையுள்ள நிறுவனம்."

வியாழக்கிழமை காலைத் தேநீர் ஏற்பாடாகியிருந்தது. ஆளுக்கொரு தட்டில் தின்பண்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வேலை போகப் போகிறவர்கள் கேரட் கேக் சுட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் மாவோரி மொழியில் "கியா ஓரா" என்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். ஜனார்த்தன் பொத்தானை அழுத்தினான்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. ஒரு நிமிடம் சுற்றியது. நின்றது. மறுபடி முதலிலிருந்து சுற்றியது. கேக் தீர்ந்தது. வட்டம் மட்டும் தீரவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தனை கண்ணும் தன்மேல் இருக்கும் என்று ஜனார்த்தன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தொழில்நுட்பம்!" என்று சொல்லி ட்ரேசி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனைக் கொன்றது.

அன்று மத்தியானம் அவன் தன் மேசையில் குனிந்து உட்கார்ந்து கோளாறைத் தேடினான். தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. காணொளிக் கோப்பின் வடிவமான எம்.பி.ஃபோர் என்பது படமல்ல, டிபன் கேரியர் மாதிரி ஒரு பெட்டி. ஒரு அடுக்கில் படம், இன்னொன்றில் ஒலி. கூடவே எந்த நொடிக்குரிய துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று. படமெடுத்தவர்களின் மென்பொருள் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு அட்டவணையைக் கடைசியில் வைத்திருந்தது. அந்த அட்டவணை கைக்கு வராமல் உலாவியால் முதல் காட்சியைக்கூடக் காட்ட முடியாது. வேறு தளமாக இருந்தால் உலாவி "கடைசித் துண்டை மட்டும் முதலில் கொடு" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆணையத்தின் தளமோ துண்டாக எதையும் தராது. முழுசாகத்தான் தரும். முழுசாகத் தர நேரமாகும். நேரமானால் எங்கோ சிக்கிக்கொண்டது என்று தானே முடிவு கட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

தீர்வு ஒரே ஒரு வரிக் கட்டளை. அட்டவணை பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துவிடும். படத்தில் ஒரு புள்ளி மாறாது, குரலில் ஒரு மூச்சு மாறாது.

அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கட்டளையை அடித்துவிட்டான். பொத்தானைத் தட்டும் முன், மூலக் கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முழுப் பெட்டியும் அவன் கணினியிலேயே இருந்ததால் அங்கே ஓடியது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான்.

பிலிப்பா ஏரியைப் பற்றிப் பேசினார். தன் நாயைப் பற்றிப் பேசினார். மாற்றம் என்பது ஒரு படிக்கட்டு, ஒவ்வொரு படியிலும் நாம் நம்மையே சந்திக்கிறோம் என்றார். கடைசி நிமிடத்தில், அதே புன்னகையோடு, பதினொரு பணியிடங்கள் நீக்கப்படுகின்றன என்று சொல்லிப் பட்டியலை வாசித்தார். முதலில் கைப்பிடி ஆய்வுக் குழு முழுவதும். அப்புறம் இன்னும் சிலர். கடைசியாக, காணொளி வெளியீடு, ஒரு பணியிடம்.

அந்த ஒன்று அவன்தான்.

ஜனார்த்தன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். சூடான கல்லிலிருந்து எடுப்பது போல எடுத்தான். இதைச் சரிசெய்தால் வேலை போகும். சரிசெய்யாவிட்டால், சரிசெய்யத் தெரியாதவன் என்று வேலை போகும். இரண்டு பக்கமும் பள்ளம். கட்டளையை எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மஹதி அவன் முகத்தையே பார்த்தாள். "டாடி, ஆர் யூ பஃபரிங்?" என்று கேட்டாள்.

ஸ்வர்ணா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "நீங்களா வாயைத் திறக்காதீங்க. கேட்டா, பாத்துட்டிருக்கேன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே, பாத்துட்டுதானே இருக்கீங்க."

"நேரா கேட்டுட்டா என்ன பண்றது?"

"முழிங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே."

சொல்லிவிட்டு அவளும் சிரிக்கவில்லை. இமிக்ரேஷன் தளத்தைத் திறந்து பார்த்தாள். நேற்று இருந்தது போலவே "பரிசீலனையில்" என்று இருந்தது. இருவரும் அதையும் ஒரு வட்டத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். தர உறுதிப் பிரிவின் இயக்குநர் வரதராஜன், ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், அறையில் இருந்தார். பக்கத்தில் ட்ரேசி. மற்றவர்கள் இருந்தால் வரதராஜன் ஆங்கிலத்தில்தான் பேசுவார். மிரட்டுவதற்கு மட்டும் தமிழ் வைத்திருந்தார்.

"என்னா ஜனா, என்னா பிரச்சின? மேல கேக்குறாங்க. ஒரு வரில சொல்லு."

ஜனார்த்தன் முழிக்கத்தான் நினைத்தான். ஆனால் பயம் முற்றினால் அவனுக்கு வாயில் உண்மை வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அந்த வியாதி. "சார், ஒரு விஷயம் கடைசியில இருக்கு. அதை முன்னாடி கொண்டு வரணும். அவ்வளவுதான்" என்று உளறினான். உளறியதை ஆங்கிலத்திலும் சொன்னான். எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தபோது ட்ரேசி வெளுத்துப் போயிருந்தாள்.

"தலைமை நிர்வாகியின் செய்தியில் கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டுவருவதா? யார் அனுமதி தந்தது?"

"செய்தி மாறாது. பெட்டிக்குள்ளே அட்டவணை மட்டும்..."

"நீங்கள் தொழில்நுட்பமாகப் பார்க்கிறீர்கள். நான் மனிதர்களைப் பார்க்கிறேன். அவர் ஏதோ ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறார் என்றால், அது கடைசியில் இருக்க வேண்டும் என்று உணர்ந்திருக்கிறார். அதை நகர்த்த நாம் யார்?"

வரதராஜன் தாடையைத் தடவினார். இருபது வருடமாக அவர் எதற்கும் கையெழுத்துப் போடாமல் பதவி உயர்வு வாங்கியவர். "இதுக்கு ஒரு பணிக்குழு போடணும் லா" என்றார்.

இப்படித்தான் கடைசியை முன்னால் கொண்டுவருவது குறித்த பணிக்குழு பிறந்தது. ஜனார்த்தன் அதில் உறுப்பினர். நம்பிக்கையில்லாமல் தன் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உண்மையைச் சொன்னான், உயிரோடு இருக்கிறான்.

முதல் கூட்டத்தில் குழு தன் பெயரை விவாதித்தது. "கடைசி" என்ற சொல் மனச்சோர்வு தருவதாக ஒருவர் கருதினார். இரண்டாவது கூட்டத்தில் ஒரு வழிநடத்துநர் வந்து, அறையின் ஒரு மூலை "முன்", மறுமூலை "பின்", அவரவர் உள்ளம் சொல்லும் இடத்தில் போய் நில்லுங்கள் என்றார். எல்லோரும் நடுவில் நின்றார்கள். வரதராஜன் கதவுக்கு வெளியே நின்றார். மூன்றாவது கூட்டத்துக்குள், வேகம் பிடித்த தகவல் பிரிவு, கோப்பின் பெயரில் எம்.பி.ஃபோர் என்பதை அழித்து வெப்எம் என்று மாற்றிவிட்டது. நவீன வடிவத்துக்கு மாறிவிட்டோம் என்று அறிவித்தது. பெட்டியின் மேலே இருந்த எழுத்துத்தான் மாறியதே தவிரப் பெட்டி மாறவில்லை. தளத்தின் திரை கறுத்து, "இதைக் காட்ட இயலாது" என்றது.

"வட்டம் நின்றுவிட்டதல்லவா? அது முன்னேற்றம்தான்" என்றார் தகவல் பிரிவுக்காரர். கைதட்டினார்கள். பிறகு வட்டம் இல்லாமல் ஊழியர்கள் பதற்றமாக இருப்பதாகத் தெரியவந்து, பழைய பெயரையே வைத்தார்கள். வட்டம் திரும்பி வந்த அன்று சிலர் நிம்மதியாக மூச்சுவிட்டதை ஜனார்த்தன் பார்த்தான்.

இதற்குள் தளத்தின் புள்ளிவிவரம் வந்தது. ஆணையத்தின் வரலாற்றில் இவ்வளவு நேரம் மக்கள் உட்கார்ந்து பார்த்த காணொளி வேறு இல்லை. உள்ளக விருதுக்கு அதைப் பரிந்துரைத்தார்கள். பரிசளிப்பில் ட்ரேசி பேசினாள். "சொல்லாமலே இத்தனை பேரைத் தொட்ட செய்தி இது. சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் நம்மோடு இருந்திருக்க மாட்டார்கள்." அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று ஜனார்த்தனுக்கு மட்டும் தெரியும்.

வாரங்கள் போகப் போகப் பயம் குறையும் என்று நினைத்தான். கூடிற்று. இணையத்தில் எவனாவது ஒருவன் தேடிப் பார்த்தால் போதும், ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். யாராவது தன் மேசைப் பக்கம் நடந்து வந்தாலே திரையை அணைத்தான். ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது எதிரில் இருப்பவர் போனில் காணொளி தங்குதடையின்றி ஓடினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியில் மேசைப் பக்கம் வந்தவர் டொமினிக். மன்னார்க்காரர், கைப்பிடி ஆய்வுக் குழுவில் இருப்பவர். நாள் முழுக்கக் கைப்பிடிகளைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஒடாஹுஹுவில் வீடு வாங்கி, வீட்டுக்கடன் கழுத்துவரை நின்றது. மனைவி மாகிரட் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

"தம்பி, உம்மோட ஒரு விஷயம் கதைக்கோணும்" என்றார். "நீர் ஒவ்வொரு கூட்டத்திலயும் செத்த பிணம் மாதிரி இருக்கிறீர். அந்த வீடியோவின்ர கடைசியில என்ன கிடக்குது எண்டு உமக்குத் தெரியும், என்ன?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

"சரி. என்ர பேர் கிடக்குதோ? அதை மட்டும் சொல்லும்."

ஜனார்த்தன் முழித்தான். இந்த முறை முழித்ததே பதிலாகிவிட்டது. டொமினிக் அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் அதையும் ஒருதரம் ஆட்டிப் பார்த்தார்.

"அப்ப இந்த வட்டம் சுத்துற மட்டும் எங்களுக்குச் சோறு. விளங்குது."

"அண்ணே, என் பேரும் இருக்கு. என் விசா முடிவு வரணும். அதுவரைக்கும்தான்... நான் ஒண்ணும் பண்ணல, அவங்களா குழு போட்டாங்க."

"ஓம் தம்பி. உம்மைக் குத்தம் சொல்லேல்லை." போகும்போது திரும்பினார். "உம்மட விசா வந்தாப் பிறகு?"

அதை ஜனார்த்தன் யோசித்திருக்கவே இல்லை.

அடுத்த வாரம் இடி விழுந்தது. பிலிப்பாவே வானகாவிலிருந்து வருகிறார், குழுவின் இறுதிக் கூட்டத்தில் நேரில் கலந்துகொண்டு முடிவெடுக்கப் போகிறார். கூட்டத்துக்கு முந்தின நாள் ஜனார்த்தன் சாப்பிடவில்லை. ஸ்வர்ணா கந்தர் சஷ்டிக் கவசத்தைப் போனில் போட்டாள். அது உடனே ஓடத் தொடங்கியதும் அவனுக்கு அழுகை வந்தது.

காலையில் ஏவன்டேல் ஸ்டேஷனில் ரயிலேறி உட்கார்ந்ததும் போன் சிணுங்கியது. இமிக்ரேஷனிலிருந்து மின்னஞ்சல். திறக்கவே பயந்தான். நியூ லின்னிலிருந்து ஏறிவந்த கிழவர் ஒருவர் "ஆர் யூ ஓகே?" என்று கேட்கும் அளவுக்கு நடுங்கினான். திறந்தான். நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும். இனி யாரும் அவனை இந்த ஊரிலிருந்து அனுப்ப முடியாது. இந்த வேலை போனால் இன்னொரு வேலை.

அவன் முதலில் ஸ்வர்ணாவைக் கூப்பிட்டான். அவள் கடையிலேயே அழுதாள். அழுகைக்கு நடுவில், "இனிமே எதுக்கு அந்த வட்டத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க? உள்ளதைச் சொல்லிட்டு வெளிய வாங்க" என்றாள். சரி என்றான். அப்படியே செய்வதாகத்தான் அலுவலகத்துக்குள் நுழைந்தான். லிஃப்ட் பொத்தானை அன்றுதான் ஓங்கிக் குத்தினான்.

பிலிப்பா ஏரி இல்லாமல் சின்னதாக இருந்தார். சுற்றிலும் ட்ரேசி, வரதராஜன், தகவல் பிரிவுக்காரர். ஊழியர்களின் குரலாக டொமினிக்கையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கையில் சோதனைக்குக் கொண்டுவந்த கைப்பிடித் துண்டு ஒன்று இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வெளிப்படையாகப் பேசுகிறவள்" என்று பிலிப்பா ஆரம்பித்தார். "இந்த மாற்றத்தை முடித்துவைக்கத்தான் என்னை நியமித்தார்கள். மாற்றம் முடியும் நாளில் என் ஒப்பந்தமும் முடிகிறது. ஆகவே மாற்றத்தை நான் எவ்வளவு பொறுப்போடு, எவ்வளவு நிதானத்தோடு அணுகுகிறேன் என்று உங்களுக்குப் புரியும். ட்ரேசி, கலந்தாலோசனைக்கு உன் குழு தயாரா?"

"ஆலோசனைக்குத் தயாராவதற்கான ஆலோசனையில் இருக்கிறோம். அதற்காக ஏழு பேரைப் புதிதாக எடுத்திருக்கிறோம். எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள்."

"வரதராஜன்?"

"எங்கள் பிரிவு கையெழுத்துப் போடத் தயார்" என்றார் வரதராஜன். "வேறு யாராவது முதலில் போட்டதும்."

பிலிப்பா ஜனார்த்தன் பக்கம் திரும்பினார். "ஜான், நீங்கள்தான் நிபுணர். ஒரே கேள்வி. கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டுவந்தால் என் செய்தியில் எதுவும் மாறாது என்று உத்தரவாதம் தர முடியுமா?"

தர முடியும். ஒரு வரிக் கட்டளை. காபி ஆறுவதற்குள் படம் ஓடும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தான். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் உண்மை தானாக வாயில் வந்து நிற்கும். இன்று வரவில்லை. வயிற்றைத் தேடிப் பார்த்தான். அங்கே பயம் இல்லை. பயமில்லாத வாய் அவன் சொன்னபடி கேட்டது.

டொமினிக் அவனைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் முடியாது என்று மறுத்துவிட்டாவது ஜனார்த்தன் தப்பித்திருப்பான்.

ஒன்பது வாரமாக அவன் நின்றிருந்த அதே இடத்தில் இன்னும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எந்த மின்னஞ்சலும் வந்திருக்கவில்லை.

"தர முடியாது, மேடம்" என்றான் ஜனார்த்தன். "ரிஸ்க் இருக்கு. நல்லா ஆராயணும்."

மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். பிலிப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ட்ரேசி குழுவின் காலத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கலாமா என்று கேட்க, கேட்டு முடிப்பதற்குள் ஆதரவுக் கைகள் உயர்ந்தன. குழுவுக்குத் தலைவராக ஜனார்த்தனையே போட்டார்கள். டொமினிக் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கூட்டத்துக்கு வைத்திருந்த கேரட் கேக்கில் பெரிய துண்டாக ஒன்றை வெட்டி, தட்டோடு கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

ஜனார்த்தன் அதை எடுத்துக் கடித்தான். இந்த மூன்று வருடத்தில் அந்த அலுவலகத்தில் அவன் பயமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை, "ரிஸ்க் இருக்கு" என்பதுதான்.